குதிரையின் நுகம் எங்கே போனது?

மாட்டு வண்டியைப் பார்த்தவர்களுக்கு நுகத்தடியைத் தெரியும். ஏர்க்காலின் நுனியில் குறுக்கே கிடக்கும் அந்தக் கட்டையை இரண்டு மாடுகளின் கழுத்தில் ஏற்றி, பூட்டாங்கயிற்றை மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். பக்கத்தில் நிற்கும் குதிரை வண்டியில் நுகம் கிடையாது. மார்பில் ஒரு பட்டை, முதுகில் ஒரு திண்டு, வயிற்றைச் சுற்றி ஒரு வார், பின்தொடையைச் சுற்றி இன்னொரு வார், வாயில் கடிவாளம், கண்ணோரத்தில் மறைப்பு என்று தோலும் வளையமுமாகத் தொங்குகிறது. மாட்டுக்கு ஒரு கட்டையும் ஒரு கயிறும் போதும் என்றால், குதிரைக்கு ஏன் இத்தனை?

விடை மாட்டின் முதுகில் இருக்கிறது. நம் நாட்டு மாட்டின் கழுத்து ஏறக்குறைய முதுகு மட்டத்திலேயே முன்னோக்கி நீள்கிறது. அது முடியும் இடத்தில் திமில் எழும்பி நிற்கிறது. நுகத்தடி திமிலுக்கு முன்னால் போய்ப் படிந்துகொள்ளும். மாடு நகர்ந்தால் திமிலும் தோளும் சேர்ந்து கட்டையைத் தள்ளும். குதிரைக்குத் திமில் இல்லை, கழுத்தும் சரிவாக மேலே எழும்புகிறது. அந்தச் சரிவில் கட்டையை வைத்தால் பின்னால் வழுக்கும். வழுக்காமலிருக்கக் கழுத்தைச் சுற்றி வார் கட்டினால், வண்டியின் பாரம் அந்த வாரைத் தொண்டையை நோக்கி ஏற்றும்.

ஆனாலும் ஒரு காலத்தில் குதிரைக்கும் நுகம் இருந்தது. எகிப்தியர், கிரேக்கர், ரோமானியர் எல்லோருடைய தேர்களும் நுகம் பூட்டியவைதான். அந்த நுகம் எப்படி வேலை செய்தது என்பதைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. அதைப் புரிந்துகொள்ள முதலில் குதிரையின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

எங்கே தள்ளலாம்?

வண்டி இழுக்கும் குதிரையின் விசை பெரும்பாலும் பின்னங்கால்களில் பிறக்கிறது. குளம்பு தரையைப் பின்னோக்கி உதைக்கிறது; அந்த உந்துதல் இடுப்பு வழியாக முதுகெலும்புக்கு ஏறி முன்னுடம்புக்கு வந்து சேர்கிறது. முன்னுடம்பு எந்தப் பட்டையின் மேல் சாய்கிறதோ, அந்தப் பட்டை வண்டியை நகர்த்துகிறது. பார்ப்பவருக்கு இழுப்பதாகத் தெரிந்தாலும் சேணத்துக்குள் நடப்பது தள்ளுதல். உடம்பின் எந்த இடத்தால் தள்ளலாம், எந்த இடத்தால் கூடாது என்பது சேணம் செய்பவரின் முதல் கேள்வி.

கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, கழுத்தின் முன்புறம். மூச்சுக்குழாய் அங்கே தோலை ஒட்டியே இறங்குகிறது. விரலால் தடவினாலே அதன் வளையங்கள் தட்டுப்படும். குதிரை வாயால் மூச்சு விடுவதில்லை, மூக்கு ஒன்றே வழி. உழைக்கும்போது காற்று மிகுதியாகத் தேவைப்படும் நேரம் பார்த்து அந்தக் குழாயை ஒரு வார் நெரித்தால், விலங்கு தலையை உயர்த்தித் திமிறும் அல்லது நின்றுவிடும்.

இரண்டாவது இடம் தோள்மூட்டு. மனிதனுக்குத் தோளை மார்புக்கூட்டோடு பிணைக்கக் காறையெலும்பு இருக்கிறது. குதிரைக்கு அது இல்லை. அதன் முன்னங்கால்கள் எலும்பால் உடம்போடு சேரவே இல்லை. தசைகளும் தசைநார்களும்தான் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அதனால் ஒவ்வோர் அடிக்கும் தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் முன்னும் பின்னுமாகச் சரிந்து ஆடும். அதன் கீழ்முனை மார்பின் இரு பக்கமும் முண்டாகத் துருத்தி நிற்கும். அந்த முண்டின் மேல் பட்டை அழுந்தினால் கால் முழு வீச்சில் முன்னே போகாது. அடி குறுகும், தோல் உரியும்.

மேலே மூச்சுக்குழாய், கீழே தோள்முண்டு. நடுவே கழுத்து மார்போடு சேரும் குறுகலான ஒரு பகுதி. மார்பால் தள்ள வேண்டுமானால் குதிரைக்கு அவ்வளவுதான் இடம்.

பட்டையும் வளையமும்

அந்த இடத்தில் குறுக்கே ஓர் அகலமான தோல்பட்டையைக் கிடத்துவது எளிய வழி. இதை மார்புப்பட்டை எனலாம். கீழே சரியாமல் பிடிக்கக் கழுத்தின் மேல் ஒரு மெல்லிய வார் உண்டு. பட்டையின் இரு முனைகளிலிருந்தும் விலாவோரமாகப் பின்னால் போய் வண்டியில் முடியும் நீண்ட வார்களை ‘இழுவார்’ என்று வைத்துக்கொள்வோம். வண்டியை உண்மையில் நகர்த்துபவை இவை. மார்புப்பட்டை ஏறக்குறைய எந்தக் குதிரைக்கும் பொருந்தும். கழுத்துவாரின் கொக்கியை இரண்டு துளை மாற்றினால் உயரம் சரியாகிவிடும். இலகுவான பயண வண்டிகளுக்கு இதுவே போதும்.

பாரம் கூடும்போது சிக்கல் தொடங்குகிறது. நாள் முழுக்கத் தளராமல் இழுக்கும் குதிரை தன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு விசையைத் தரும். 500 கிலோ எடையுள்ள குதிரை என்றால் 50 கிலோ விசை. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தபடி அதைத் தந்தால், ஜேம்ஸ் வாட் வகுத்த ஒரு குதிரைத்திறனில், அதாவது 746 வாட்டில், முக்கால் பங்கு ஆகிறது. நல்ல தார்ச்சாலையில் காற்றடைத்த டயர் பூட்டிய வண்டிக்கு அதன் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு விசை போதும். மணலில் இறங்கினால் அது பத்து மடங்காகிவிடும். நின்ற வண்டியைக் கிளப்பும் கணத்தில் தேவை இன்னும் எகிறும். 1920களில் அமெரிக்காவின் அயோவா மாநிலக் கண்காட்சியில் நடந்த இழுவைப் போட்டியின் அளவுகளை வைத்து, ஸ்டீவன்சன், வாசர்சக் என்ற இரு உயிரியலாளர்கள் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு குதிரை சில விநாடிகளுக்கு ஏறக்குறைய 15 குதிரைத்திறன் காட்ட முடியும் என்று அதில் தெரியவந்தது.

இத்தனை விசையும் ஒரு பட்டையின் வழியே போக வேண்டும். 5 செ.மீ. அகலமுள்ள பட்டை 40 செ.மீ. நீளத்துக்கு மார்பில் பதிகிறது என்று கொள்வோம். பரப்பு 200 சதுர செ.மீ. நடைபோடும்போதே சதுர செ.மீ.க்குக் கால் கிலோ விழுகிறது. மனிதனின் விரல்நுனியில் அளந்து பார்த்தபோது, தோலடி நுண்குழாய்களில் ரத்தம் ஓடும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 50 கிராமுக்கும் குறைவாகவே இருந்தது. வெளியிலிருந்து அதைவிட அதிகமாக, விடாமல் அழுத்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் போவது தடைபடும். நேரம் நீண்டால் திசு சாகத் தொடங்கும். சேணப் புண் பிறக்கும் வழிகளில் ஒன்று இது. உராய்வு மற்றொன்று.

ஆகவே கனமான பாரத்துக்கு இன்னொரு கருவி வந்தது. அதுதான் கழுத்துவளையம். தோலுறைக்குள் வைக்கோல் திணித்து, முட்டை வடிவில் வளைத்த தடித்த வளையம். தலைச்சுமைக்காரர் துணியைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொள்வது எதற்கோ, அதற்குத்தான் இதுவும். பாரம் ஒரு விளிம்பில் குத்தாமல் பரந்து இறங்குகிறது. வளையத்தின் உட்புறம் இரண்டு தோள்பட்டைகளின் முன்விளிம்பிலும் நெடுக்காகப் படிகிறது. மூச்சுக்குழாய்க்கு நேராக அடியில் வெற்றிடம் விட்டுவிடுகிறது. அதன் வெளிப்பள்ளத்தில் இரும்பாலோ மரத்தாலோ ஆன இரண்டு வளைகொம்புகள் இறுக்கிக் கட்டப்படுகின்றன. இழுவார்கள் அவற்றில் மாட்டப்படும்.

மார்புப்பட்டைக்கு இல்லாத ஒரு பிடிவாதம் இதற்கு உண்டு. ஒரு குதிரையின் வளையம் இன்னொன்றுக்குச் சேராது. மாட்டும் விதமே வேடிக்கையாக இருக்கும். குதிரையின் தலை கண்களுக்கு நேரே அகலம். வளையத்தின் அகலப்பக்கமோ கீழே இருக்க வேண்டியது. அதனால் வளையத்தைத் தலைகீழாகப் பிடித்து, அகலப்பக்கம் கண்களைத் தாண்டுமாறு மெல்ல நுழைத்து, கழுத்து மெலிந்திருக்கும் தொண்டையருகில் நேராகத் திருப்பி, பிறகு தோள்வரை இறக்குவார்கள். பழகிய குதிரை தானே தலையைத் தாழ்த்திக் கொடுக்கும்.

பொருத்தம் பார்க்க அளவுகோல் கைதான். குதிரை வேலை செய்யும் நிலையில் தலையை வைத்திருக்க, வளையத்தின் அடிப்பகுதிக்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையில் உள்ளங்கை பட்டையாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் வளையம் சிறிது, மூச்சை நெரிக்கும். முஷ்டியே தாராளமாகப் போனால் பெரிது; ஒவ்வோர் அடிக்கும் ஆடித் தோலைத் தேய்க்கும், கீழே இறங்கித் தோள்முண்டில் இடிக்கும். பக்கங்களில் விரல்கள் மட்டும் தட்டையாக நுழைந்தால் சரி. இன்று பொருந்தியது ஆறு மாதம் கழித்துப் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. வேலைப் பருவத்தில் குதிரையின் கழுத்துக் கொழுப்பு கரைந்து வளையம் தளரும். உள்ளே மெத்தை வைத்துச் சரிக்கட்ட வேண்டும்.

கோணத்தின் கணக்கு

பட்டை சரியான இடத்தில் இருந்தும் புண் வருகிறது என்றால், இழுவாரைப் பார்க்க வேண்டும். மார்பிலிருந்து வண்டிவரை அது போகும் நேர்கோட்டை இழுகோடு எனலாம். கழுத்துவளையத்தில் இந்தக் கோடு தோளின் சரிவுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக அமைய வேண்டும். அப்போது முழு விசையும் தோளுக்குள் நேராக இறங்கும். கோணம் பிசகினால் விசையின் ஒரு பகுதி தோலின் மீது வழுக்கும் விசையாக மாறுகிறது. மேல்நோக்கி வழுக்கினால் வளையம் தொண்டைக்கு ஏறும். கீழ்நோக்கி வழுக்கினால் பாரம் பிடரியில் தொங்கும். அதனால் இழுவார் மாட்டும் கொக்கி வளையத்தின் அடியிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைக்கப்படுகிறது. மார்புப்பட்டைக்கு இழுகோடு கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே இருக்க வேண்டும். வண்டியில் மாட்டும் இடம் மிகத் தாழ்வாக இருந்தால் பட்டை கீழிழுபட்டு, கழுத்தின் மேலுள்ள மெல்லிய வார் கத்திபோல் பிடரியை அறுக்கும்.

தோள்கள் மாறி மாறி ஆடுவதை முன்பே பார்த்தோம். வலத்தோள் முன்னே போகும்போது இடத்தோள் பின்வாங்கும். இழுவார்களின் பின்முனைகளை வண்டிச் சட்டத்தில் அசையாமல் ஆணியடித்தால், அசையும் மார்பின் மேல் அசையாத பட்டை கிடந்து அறுக்கும். இதற்கு மிக எளிய தீர்வு ஒரு குறுக்குக்கட்டை. நடுவில் ஓர் ஆணியில் சுழலும் அந்த ஆடுகட்டையின் இரு முனைகளிலும் இழுவார்கள் மாட்டப்படுகின்றன. தோளோடு பட்டையும் பட்டையோடு கட்டையும் சேர்ந்து ஆடும். மார்புப்பட்டை பூட்டிய வண்டிக்கு ஆடுகட்டை இல்லாமல் இருக்கவே கூடாது.

முன்பாரம், பின்பாரம்

இரண்டு சக்கர வண்டியில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. வண்டியின் இரு ஏர்க்கால்கள் குதிரையின் இரு பக்கமும் நீண்டு, முதுகுத்திண்டிலிருந்து தொங்கும் வளையங்களில் தங்குகின்றன. வண்டிக்காரர் ஏறியவர்களைப் பார்த்து, “கொஞ்சம் முன்னால வாங்க... பெரியவர் மட்டும் பின்னால தள்ளி உக்காருங்க” என்பது இடவசதிக்காக இல்லை. அச்சுக்கு முன்னால் எடை கூடினால் முன்பாரம். ஏர்க்கால்கள் முதுகை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம். ஏர்க்கால்கள் மேலே கிளம்பி வயிற்றுவாரை இழுக்கும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஏர்க்கால்கள் வளையத்தில் மிதப்பதுபோல், விரலால் தூக்கினாலே அசையும்படி இருக்க வேண்டும். முதுகுத்திண்டும் முதுகெலும்பின் மேல் உட்காரக் கூடாது. அதன் இரு மெத்தைகளும் எலும்பின் இரு பக்கமும் உள்ள தசைகளில் படிய, நடுவில் காற்றுப் போக வழி இருக்க வேண்டும்.

இறக்கத்தில் நிலைமை தலைகீழாகிறது. 500 கிலோ வண்டி பத்துக்கு ஒன்று சரிவில் இறங்கினால், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், 50 கிலோ விசையுடன் குதிரையைப் பின்னாலிருந்து நெட்டும். நாள் முழுக்க அது இழுக்கும் விசைக்குச் சமமான தள்ளு! பிரேக் இல்லாத வண்டியில் அதைத் தாங்குவது பின்தொடையைச் சுற்றிய பின்வார். வால் தொடங்கும் இடத்துக்கும் பின்னங்காலின் நடு மூட்டுக்கும் ஏறக்குறைய நடுவில், பிட்டத்தின் முனைக்குச் சற்றுக் கீழே அது படிய வேண்டும். தாழ்ந்தால் கால்களை வாரிவிடும். உயர்ந்தால் வாலடியில் ஏறிக்கொள்ளும். இழுவார் விறைப்பாக இருக்கும்போது பின்வாரில் ஒரு கையளவு தளர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குதிரை முன்னால் இழுத்துக்கொண்டே பின்னால் தன்னைத்தானே தடுத்துக்கொண்டிருக்கும்.

தவறாகக் கட்டிய ஒரு வார்

இனி அந்த வழக்கு. லெஃபெப்வர் தே நொயெத் ஒரு பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரி. பழைய சிற்பங்களிலும் ஓவியங்களிலும் கண்ட தேர்க்குதிரைகளின் கழுத்தில் வார் ஓடுவதைக் கவனித்தார். 1910-இல் பாரிசில் அதேபோல் சேணம் செய்து குதிரைகளுக்குப் பூட்டிப் பார்த்தார். வார் தொண்டைக்கு ஏறியது, குதிரைகள் திணறின. சோடிக் குதிரைகளால் அரை டன் அளவுக்கு மேல் இழுக்க முடியவில்லை. கி.பி. 438-இல் தொகுக்கப்பட்ட தியோடோசியஸ் சட்டத் தொகுப்பு அரசு வண்டிகளின் உச்சப் பாரத்தை 1,500 ரோமன் ராத்தல், அதாவது 490 கிலோ அளவில் நிறுத்தியிருந்ததும் அவருக்குச் சாட்சியாகக் கிடைத்தது. 1931-இல் வந்த நூலில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். விலங்கின் விசையை முழுதாகப் பயன்படுத்தத் தெரியாததால்தான் பழைய உலகம் அடிமைகளை நம்பியிருந்தது என்றார். பாடநூல்கள்வரை பரவியது அந்தக் கருத்து.

1970களில் ஜான் ஸ்ப்ரூய்த் என்ற இன்னொரு பிரெஞ்சுக் குதிரைக்காரர் அந்தச் சோதனையை மறுபடி செய்தார். சான்றுகளைப் பிரித்துப் பார்த்தபோது, பழங்காலத்தில் இருந்தது ஒரு முறை அன்று, இரண்டு முறைகள் என்று கண்டார். ஒன்றில் நுகம் கழுத்தடியில், இரு கவைகள் வழியே தோளில் தாங்கி நின்றது. 1922-இல் திறக்கப்பட்ட துட்டன்காமூனின் கல்லறையில் கிடைத்த ஆறு தேர்கள் இந்த வகை. மற்றதில் நுகம் முதுகில் இருந்தது. மார்பில் தாழ்வாக ஒரு பட்டை ஓடியது, வயிற்றுவார் அதை மேலே ஏறவிடாமல் பிடித்தது. முந்தைய அதிகாரி இரண்டையும் கலந்து, ஒன்றின் வாரை மற்றொன்றின் நுகத்தோடு கட்டிவிட்டார். ஸ்ப்ரூய்த் தனித்தனியாகச் செய்து பூட்டியபோது எந்தக் குதிரையும் திணறவில்லை. 1977-இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். சில அங்குலம் இடம் மாறிய ஒரு வார், அடிமை முறையின் வரலாற்றையே விளக்கும் கோட்பாடாக வளர்ந்திருந்தது.

ஆனால் கழுத்துவளையத்தின் பெருமை இதனால் குறைந்துவிடவில்லை. மார்புப்பட்டை சீனாவில் கி.மு. காலத்திலேயே பரவிவிட்டது. ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் துன்ஹுவாங் குகை ஓவியத்தில் கழுத்துவளையம் தெரிகிறது என்பது சீன அறிவியல் வரலாற்றை எழுதிய ஜோசப் நீடாமின் கணிப்பு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட நார்வேயிலிருந்து வந்த ஓத்தர் என்பவர், தம் ஊரில் குதிரையைக் கொண்டு உழுவதாக இங்கிலாந்து மன்னர் ஆல்ஃபிரெடிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் பேயோ துணிச்சித்திரத்தில், பரம்பு இழுக்கும் குதிரையின் கழுத்தில் வளையத்தை இன்றும் பார்க்கலாம். குதிரையும் மாடும் தரும் விசையில் பெரிய வேறுபாடு இல்லை. குதிரை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாக நடக்கும். கனமான ஏரை அதன் தோளில் ஏற்ற வழி கிடைத்ததும் உழவின் வேகம் மாறியது.

உடம்பு எழுதும் குறிப்பு

சோதனைச்சாலையில் இழுவாரின் நடுவே விசைமானி கோத்தும், பட்டைக்கு அடியில் அழுத்த உணரிகள் வைத்தும் அளக்கிறார்கள். தெருவில் அதற்கு வழியில்லை என்றாலும் குதிரையின் உடம்பே குறிப்பெழுதி வைக்கிறது. வேலை முடிந்து சேணத்தைக் கழற்றியதும் வியர்வையைப் பார்க்க வேண்டும். பட்டை பதிந்த இடம் சீராக நனைந்திருந்தால் நல்லது. நடுவில் உள்ளங்கையளவு உலர்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் மிகுந்திருக்கலாம். மயிர் ஒடிந்து தோல் பளபளத்தால் உராய்வு. கறுப்பு அல்லது பழுப்புக் குதிரையின் தோளிலோ முதுகிலோ வெள்ளை மயிர்த் திட்டு இருந்தால், அது பெரும்பாலும் ஆறிய பழைய புண். மயிர்க்கால்களில் நிறம் தரும் செல்கள் அழிந்துவிட்டதால் அங்கே வெள்ளையாகவே முளைக்கிறது.

பூட்டும் வரிசைக்கும் காரணம் உண்டு. குதிரை ஆபத்தைக் கண்டால் ஓடும் பிராணி. பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறக்குறைய 350 பாகை வரை பார்க்கும். பின்னால் துரத்தி வருவதுபோல் ஒரு சக்கரம் தெரிந்தால் மிரளும். கண்மறைப்பு வைப்பது அதற்காகத்தான். மறைப்பின் நடுவே கண் இருக்க வேண்டும், இமை மயிர் உரசக் கூடாது. முதலில் கடிவாளம் போட்டு வாரைக் கையில் பிடித்த பிறகே வண்டி. வண்டியில் இழுவார் முதலில், பின்வார் அடுத்து. அவிழ்க்கும்போது வண்டியிலிருந்து குதிரையை முழுதாக விடுவிக்கும்வரை கடிவாளத்தைக் கழற்றவே கூடாது. மறைப்பு விலகி, பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வண்டியைத் திடீரென்று பார்க்கும் குதிரையைப் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சாது.

இந்தியாவில் 1965-ஆம் ஆண்டின் பாரவிலங்கு வதைத் தடுப்பு விதிகள் இவற்றில் சிலவற்றைச் சட்டமாக்கியிருக்கின்றன. வண்டியில் ஓட்டுபவரும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் நீங்கலாக நான்கு பேருக்கு மேல் ஏறக் கூடாது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது. முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை. பழனி போன்ற ஊர்களில் குதிரை வண்டியில் ஏறும் முன், ஐந்தாவது ஆளாக இருந்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள். நான்காவது ஆளாக இருந்தாலும் குதிரையின் தோளையும் மார்பையும் முதுகையும் ஒருமுறை பாருங்கள். அங்கே ஈரப்புண் இருந்தால் ஏறாதீர்கள். ஏன் ஏறவில்லை என்பதை வண்டிக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.